நூறு பல்புகளும் ஒரு மருத்துவ மாணவரும்

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா கேட்ட கேள்விதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

மகளுக்கு வேறு ஏதோ காரணத்துக்காக ஜீன் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் பத்துப் பதினைந்து பக்கம். அதில் ஒரே ஒரு வரியைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"ஒரு ஜீன்ல எழுத்து மாறியிருக்காமே டாக்டர்? இவ நல்லாத்தானே ஓடியாடிட்டு இருக்கா? எழுத்து தப்பா இருந்தா உடம்பு எப்படி சரியா வேலை செய்யும்?"

வாங்கிப் பார்த்தேன். 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்' என்ற பிரிவில் இருந்தது. நோயை உண்டாக்கும் என்றும் சொல்ல முடியாது, உண்டாக்காது என்றும் சொல்ல முடியாது என்று அர்த்தம். அதை விளக்கிச் சொல்லிவிட்டேன். ஆனால் கடைசிக் கேள்வி இருக்கே, அதற்கு ஓபியில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது. அதிலும் நடுவில் வருகிற ஆள் நம்ம ஆள், ஒரு மருத்துவ மாணவர்!

முதலில் ஒரு விஷயம். எழுத்துப் பிழை இல்லாத மனிதர் யாரும் இல்லை. 2012ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, ஆரோக்கியமான ஒரு மனிதரின் டிஎன்ஏவில் சுமார் 100 ஜீன் முடக்கங்கள் இருக்கும். அதில் 20 ஜீன்கள் போல இரண்டு பிரதியுமே வேலை செய்யாது. நீங்களும் அப்படித்தான். நானும் அப்படித்தான். ஈஸ்ட்டில் இன்னும் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள். அதன் சுமார் 6000 ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ஆய்வகத்து நல்ல சாப்பாட்டில் வளர்த்தபோது, ஐந்தில் நான்கு பங்கு ஜீன்கள் இல்லாமலும் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது.

ஆக, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பிழை ஏன் நோய் ஆகிறது என்பது ஒரு கேள்வி. இத்தனை பிழை இருந்தும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் இருப்பது எப்படி என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இதை முதலில் உரக்கக் கேட்டவர் கான்ராட் வாடிங்டன். பிரிட்டிஷ் கருவியல் அறிஞர். 1942ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கரு வளரும்போது வெப்பம் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஜீன்கள் ஆளுக்கு ஆள் மாறும். இருந்தும் ஈயின் இறக்கை ஈயின் இறக்கையாகத்தான் வருகிறது. வளர்ச்சி ஏதோ வாய்க்காலில் ஓடுவது மாதிரி ஓடுகிறது என்றார். அவர் வைத்த பெயரே 'வாய்க்கால் போடுதல்' என்ற பொருளில்தான்.

1957ல் அதையே படமாகப் போட்டார். ஒரு மலைச்சரிவு, அதன் உச்சியில் ஒரு பந்து. கீழே போகப் போகப் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது, மறுபடி பிரிகிறது. பந்து எந்தப் பள்ளத்தில் போய் நிற்கிறதோ அதுதான் அந்த செல்லின் கதி. ஒன்று ஈரல் செல், ஒன்று நரம்பு செல், ஒன்று தோல். பந்தைக் கொஞ்சம் தட்டினால் ஓரமாக ஏறும், மறுபடி பள்ளத்துக்கே உருண்டு வரும்.

இந்தப் படத்தை எல்லாப் பாடப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள். அதே புத்தகத்தில் இருக்கிற இரண்டாவது படத்தை யாரும் அதிகம் போடுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். அதே சரிவைக் கீழேயிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருப்பார். அடியில் நிறைய முளைக்குச்சிகள். ஒவ்வொரு முளையிலிருந்தும் கயிறுகள் மேலே போய், ஒன்றோடொன்று பின்னி, மேலே உள்ள துணியை இழுத்துப் பிடிக்கின்றன. முளைகள்தான் ஜீன்கள். பந்தல் போடுகிறவர்களைக் கேளுங்கள், ஒரு முளை பிடுங்கிக்கொண்டால் பந்தல் விழாது. மற்ற கயிறுகள் சுமையை வாங்கிக்கொள்ளும். ஓரிடத்தில் லேசாகத் தொய்யும், அவ்வளவுதான்.

அழகான படம்தான். ஆனா படம் கணக்கு ஆகாது இல்லையா? கயிறு எப்படிப் பின்னினால் பள்ளம் வரும், எப்படிப் பின்னினால் வராது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஜீன் எப்படி இன்னொரு ஜீனைக் கட்டுப்படுத்துகிறது என்பதே அப்போது தெரியாது.

அது 1961ல் தெரிந்தது. பாரிஸில் ஃபிரான்ஸ்வா ஜாகோப், ஜாக் மோனோ. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, பால் சர்க்கரை இருந்தால் மட்டும் அதைச் செரிக்கும் என்சைமைத் தயாரிக்கிறது. காரணம், ஒரு ஜீனின் புரதம் போய் மற்ற ஜீன்களின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சர்க்கரை வந்தால் அது விலகிவிடுகிறது. ஒரு ஜீன் இன்னொரு ஜீனுக்கு ஸ்விட்ச்! 1965ல் ஆந்த்ரே லூஃபோடு சேர்த்து மூவருக்கும் நோபல்.

இப்போது நம்ம ஹீரோ வருகிறார். ஸ்டூவர்ட் காஃப்மன். 1939ல் பிறந்த அமெரிக்கர். முதலில் படித்தது தத்துவம், அதுவும் ஆக்ஸ்ஃபோர்டு வரை போய். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். (தத்துவத்தை விட்டுவிட்டு எம்பிபிஎஸ் படிக்க வருகிற பிள்ளை நம் வீட்டில் இருந்தால் கொண்டாடியிருப்போம். அவர் எம்.டி. வாங்கியும் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. அது வேறு கதை.)

அவர் மனதில் ஓடிய கேள்வி இது. உடம்பில் அநேகமாக எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ. (சிவப்பணுவில் நியூக்ளியஸே இல்லை, லிம்ஃபோசைட் தன் ஜீனை வெட்டி ஒட்டிக்கொள்ளும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க கமென்ட்டில் வந்து திருத்தாதீங்க, எனக்கும் தெரியும்.) ஜீன்கள் ஸ்விட்ச் என்றால், ஆயிரக்கணக்கான ஸ்விட்சுகள் ஒன்றையொன்று போட்டு அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு வலைப்பின்னலில் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? கோடிக்கணக்கான வருடப் பரிணாமம் ஒவ்வொரு ஒயரையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தியதா? இல்லை, இப்படிப்பட்ட வலைப்பின்னலுக்கே ஒழுங்கு இயல்பா?

சோதித்துப் பார்க்க அவர் செய்தது கொஞ்சம் கிறுக்குத்தனமான காரியம். ஒயர்களைக் கண்டபடி, குலுக்கல் முறையில் இணைத்துவிட்டார். கம்ப்யூட்டரில்தான். 1960களின் நடு, துளையிட்ட அட்டைகளில் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் காலம்.

நீங்களே மனதில் செய்து பாருங்கள். 100 பல்புகள். ஒவ்வொரு பல்பும் வேறு இரண்டு பல்புகளைப் பார்க்கிறது. எந்த இரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அந்த இரண்டும் எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து, அடுத்த நொடி இந்த பல்பு எரியணுமா வேண்டாமா என்று ஒரு விதி. இரண்டு பல்புக்கு நாலு விதமான நிலை, ஆகவே மொத்தம் 16 விதிகள் சாத்தியம். அதையும் குலுக்கியே கொடுங்கள். ஆரம்பத்தில் எது எரியணும், எது அணையணும் என்பதும் குலுக்கல். இப்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டு நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?

100 பல்புகளுக்கு மொத்தம் எத்தனை நிலைகள் தெரியுமா? 2ஐ நூறு தடவை பெருக்கணும். 1க்குப் பின்னால் 30 சைபர். இதில் கண்டபடி மின்னிக்கொண்டே இருக்கும், இந்த ஜென்மத்தில் திரும்ப அதே நிலைக்கு வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒவ்வொரு பல்பும் எல்லா பல்புகளையும் பார்க்கிற மாதிரி இணைத்தால் உண்மையில் அப்படித்தான் ஆகிறது. ஒரு சுற்று முடிந்து பழைய நிலைக்கு வர 2ஐ ஐம்பது தடவை பெருக்கிய அளவு அடிகள் தேவைப்படும். நொடிக்குப் பத்து லட்சம் அடி வைத்தாலும் 35 வருடம்.

ஆனால் இரண்டே இரண்டு பல்புகளைப் பார்க்கும் வலைப்பின்னல்? பெரும்பாலான பல்புகள் உறைந்து நின்றுவிட்டன. மிச்சம் ஒரு சிலது மட்டும் மின்னின. சுற்று பத்து அடி மாதிரி சின்ன எண்ணிக்கையில் முடிந்து, திரும்பத் திரும்ப அதே வந்தது. எங்கே ஆரம்பித்தாலும் இப்படிப்பட்ட சில சுற்றுகளில் ஒன்றில் போய் விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பல்பை வேண்டுமென்றே மாற்றிவிட்டால்? பெரும்பாலும் கொஞ்சம் தடுமாறி, மறுபடி அதே சுற்றுக்கே வந்தது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மழை எந்த மேட்டில் பெய்தாலும் தண்ணீர் கடைசியில் ஏதோ ஓர் ஏரிக்குப் போய்ச் சேரும். துளிகள் கோடிக்கணக்கில், ஏரிகள் நாலைந்துதான். அந்த ஏரிகள்தான் செல் வகைகள் என்றார் காஃப்மன். வாடிங்டன் வரைந்த பள்ளங்கள் கணக்குப் போட்டதும் தானாக வந்து நின்றன!

1969ல் கோட்பாட்டு உயிரியல் இதழில் கட்டுரை வந்தது. வாடிங்டனும் சும்மா இல்லை. 1966லிருந்து இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜியோ என்ற ஊரில், உயிரியலுக்குக் கணக்கு உண்டா என்று பேச ஆட்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டங்களுக்கு இந்த இளைஞரும் போனார். பந்தல் வரைந்தவரும் பல்பு எரித்தவரும் ஒரே மேசையில்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனா வரலாறு அப்படி இல்லீங்க. காஃப்மன் ஒரு படி அதிகமாகப் போய்விட்டார்.

அவருடைய கணக்கில் ஏரிகளின் எண்ணிக்கை, பல்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் போல வந்தது. அப்போது மனிதனுக்கு ஒரு லட்சம் ஜீன் இருக்கலாம் என்பது மதிப்பீடு. வர்க்கமூலம் சுமார் 316. மனித உடலில் செல் வகைகள் என்று புத்தகத்தில் இருந்தது ஏறத்தாழ 250. பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டது! பார்க்கிற யாருக்கும் புல்லரிக்கும். 1993ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்திலும் இது இடம்பெற்றது.

இரண்டு பக்கமும் இடிந்தது. மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்தபோது ஜீன்கள் ஒரு லட்சம் இல்லை, 20,000 சொச்சம்தான். அதன் வர்க்கமூலம் 141. அதைவிடப் பெரிய அடி 2003ல். ஸ்வீடனைச் சேர்ந்த சாமுவெல்சன், ட்ரோயின் என்ற இருவர், இந்த வலைப்பின்னல்களில் ஏரிகளின் எண்ணிக்கை வர்க்கமூலம் எல்லாம் இல்லை, பல்புகள் கூடக் கூட மளமளவென்று எகிறும் என்று கணித ரீதியாக நிரூபித்தார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் ஆரம்ப நிலைகளை மட்டும் எடுத்துப் பார்த்ததால், சின்னச் சின்ன குட்டைகள் கண்ணில் படவே இல்லை.

மற்ற விமர்சனங்களும் உண்டு. ஜீன் வெறும் ஆன், ஆஃப் இல்லை, மங்கலாகவும் எரியும். எல்லா ஜீன்களும் ஒரே மணியடித்தாற்போல ஒரே நொடியில் மாறுவதும் இல்லை. நிஜ வலைப்பின்னல் குலுக்கல் சீட்டும் இல்லை. எல்லாம் நியாயமான விமர்சனங்கள்தான். என் கருத்து, வர்க்கமூலம் ஒரு தற்செயல். எண்கள் பொருந்தினால் மயங்கிவிடுகிற வியாதி டாக்டர்களுக்கும் உண்டு, அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடிப்படை யோசனை மட்டும் தப்பித்தது: செல் வகை என்பது ஒரு ஜீனின் வேலை இல்லை, வலைப்பின்னல் போய் அமரும் இடம்.

சரி, குலுக்கல் வேண்டாம், நிஜ ஜீன்களை எடுத்துப் பார்ப்போம் என்று கிளம்பியவர்களும் இருந்தார்கள். பிரஸ்ஸல்ஸில் ரெனே தோமா. 1973லிருந்து இந்த ஆன், ஆஃப் கணக்கை நிஜ வைரஸ் ஜீன்களுக்குப் போட்டார். 1981ல் ஒரு விதி சொன்னார். ஒரு செல்லுக்கு இரண்டு நிலையான கதிகள் வேண்டுமானால், வலைப்பின்னலில் தன்னைத்தானே ஊக்குவிக்கும் வளையம் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். பிற்பாடு இதைக் கணித மேதைகள் நிரூபித்தார்கள்.

நம் எலும்பு மஜ்ஜையிலேயே உதாரணம் இருக்கிறது. ஜிஏடிஏ1 என்ற ஜீன் செல்லைச் சிவப்பணு பக்கம் இழுக்கிறது. பியூ1 என்ற ஜீன் வெள்ளையணு பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும். அமுக்குகிறவனை அமுக்கினால் நமக்கு லாபம்தானே? இரண்டு எதிர்ப்பு சேர்ந்து ஒரு ஊக்குவிப்பு. யார் கொஞ்சம் முந்துகிறாரோ அவர் மற்றவரை முழுக்க அடக்கிவிடுவார். நடுவில் நிற்க முடியாது. இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு.

இனி 2000. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், காரட் ஓடல் குழு. ஜார்ஜ் வான் டாஸோ முதல் ஆசிரியராக நேச்சரில் ஒரு கட்டுரை. அந்த அம்மாவின் கேள்விக்கு நேரடி பதில் இதில்தான் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

பழ ஈயின் கரு உடம்பில் வரி வரியாகக் கண்டங்கள் உண்டாகும். எந்த ஜீன்கள் இதைச் செய்கின்றன என்பதை நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் வீஷாவுஸும் 1980ல் கண்டுபிடித்து, 1995ல் நோபல் வாங்கியிருந்தார்கள். அதில் வரி எல்லையைக் காப்பாற்றும் சில ஜீன்களின் வலைப்பின்னலை ஓடல் குழு சமன்பாடுகளாக எழுதியது. அதில் கிட்டத்தட்ட 50 அளவுகள் தெரியாது. எந்தப் புரதம் எவ்வளவு வேகமாக அழியும், எது எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், இப்படி. ரேடியோவில் 50 குமிழ் இருந்து, எதை எங்கே வைக்கணும் என்று தெரியாத மாதிரி.

முதலில் எப்படித் திருகினாலும் வரி வரவில்லை. யோசித்தார்கள். ஒயரிங் படத்திலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஆதாரம் ஓரளவு இருந்த இரண்டு இணைப்புகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்க. 50 குமிழையும் கண்ணை மூடிக்கொண்டு, குலுக்கல் முறையில் வைத்தார்கள். 2,40,000 தடவை. அதில் 1,192 தடவை வரி சரியாக வந்தது. அதாவது இருநூறில் ஒன்று.

'இவ்வளவுதானா?' என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு குமிழும் கண்ணை மூடி வைத்தால் சரியாக அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், 50ம் சரியாக அமைய 1க்குப் பின்னால் 15 சைபர் போட்ட தடவைகளில் ஒரு தடவைதான் வாய்ப்பு. இருநூறில் ஒன்று வரணும் என்றால் ஒவ்வொரு குமிழும் சராசரியாக 90 சதவீதம் எங்கே வைத்தாலும் பரவாயில்லை என்றாகணும்! சில அளவுகள் ஆயிரம் மடங்கு மாறினாலும் வரி வந்தது. அவர்கள் தேடியது வரி வருகிறதா என்பதை. கிடைத்தது, வரி எளிதில் கலையாது என்பது.

மூன்று வருடம் கழித்து ரேகா ஆல்பர்ட்டும் ஹான்ஸ் ஆத்மரும் குமிழ்களையே தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் ஆன், ஆஃப் வைத்து அதே வரிகளைக் கொண்டுவந்தார்கள். காஃப்மனின் பல்புகள் நிஜ ஈக்குள் எரிந்தன. 2004ல் சீனாவில் ஈஸ்ட் செல் பிரியும் சுழற்சிக்கு இதே கணக்கு. 11 பல்புகள், 2,048 நிலைகள். அதில் 1,764 நிலைகள் ஒரே ஏரியில் போய் முடிந்தன. அது எது தெரியுமா? செல் பிரிவதற்கு முன் அமைதியாகக் காத்திருக்கும் நிலை.

ஆக, அம்மாவுக்கு பதில்: எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒரு குமிழ் கொஞ்சம் திரும்புகிறது, அவ்வளவுதான். ஒயரிங் தாங்கிக்கொள்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலசீமியா, தசைச் சிதைவு நோய் மாதிரி சிலவற்றில் அந்த ஒரு ஜீன் செய்யும் வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது. பந்தலில் நடுக்கம்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எது முளைக்குச்சி, எது நடுக்கம்பம் என்று பார்த்துச் சொல்லத்தான் மரபணு ஆலோசகர் இருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளம் ஆழமாக இருப்பது நல்லது மட்டும் இல்லை. புற்றுநோய் செல்லும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்? ஒரு மருந்து கொடுத்து ஒரு ஜீனை அடைக்கிறோம், அது சுற்றிக்கொண்டு அதே பள்ளத்துக்கு வருகிறது. கேன்சர் வார்டில் இதைத் தினம் பார்க்கிறோம். காஃப்மன் 1971லேயே இதை எழுதினார்: புற்று செல்லைக் கொல்வது மட்டும் வழியா? மேட்டைத் தாண்டித் தள்ளி, சாதுவான பள்ளத்தில் விழவைக்க முடியாதா?

அது நடந்தது. ஆனால் அவர் கணக்கைப் பார்த்து நடக்கவில்லை, இதையும் நேர்மையாகச் சொல்லணும். ஏபிஎல் என்று ஒரு ரத்தப் புற்று. 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வதால் வெள்ளையணு பாதி வளர்ச்சியில் மாட்டிக்கொள்ளும். ரத்தக் கசிவில் சில நாட்களில் உயிர் போகும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த அட்ரா என்ற மருந்து இந்த செல்களை முதிர வைக்கும் என்று ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. 1985ல் ஷாங்காயில் டாக்டர் வாங் சென்யி அதை ஒரு 5 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988ல் 24 நோயாளிகளின் முடிவு வந்தது. 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே நோயை அடக்கியது. செல்கள் முதிர்ந்து, தங்கள் ஆயுள் முடிந்து இயல்பாக உதிர்ந்தன.

2005ல் சுய் ஹுவாங் குழு, ரத்தப் புற்று செல்களுக்கு ஒரு பக்கம் அட்ராவையும் இன்னொரு பக்கம் டிஎம்எஸ்ஓ என்ற முற்றிலும் வேறான ரசாயனத்தையும் கொடுத்து 2,773 ஜீன்களை நாள் நாளாக அளந்தது. முதல் நாட்களில் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயின. பிறகு நெருங்கி நெருங்கி வந்து, ஒரே இடத்தில் சேர்ந்தன. இரண்டிலும் முதிர்ந்த நியூட்ரோஃபில். வேறு வேறு மேட்டில் விழுந்த மழை, ஒரே ஏரி.

அட்ரா மட்டும் போதவில்லை, பலருக்கு நோய் திரும்பியது. உடைந்து ஒட்டிய அந்தப் புரதத்தையே சிதைக்கும் ஆர்செனிக் வந்தது. நம்ம வேலூர் சிஎம்சியில் ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து 72 நோயாளிகளின் முடிவை 2006ல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. இப்போது பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

அந்த அம்மா விஷயம் கேட்பீங்களே. ஆலோசகரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மா, அப்பா இருவரின் ரத்தத்திலும் அதே எழுத்து மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமாக இருக்கும் அப்பாவிடமே அது இருந்தால் கவலை பாதி குறைந்துவிடும். அதுவரை அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். பார்க்காமல் இருப்பார் என்று நம்பிக்கை இல்லை.